பள்ளிக்கும் கம்பெனிக்கும் நடுவில்: சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

9 முதல் 12 வரை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர், தலைமை ஆசிரியர்கள், கம்பெனிகளில் எச்.ஆர். வேலை பார்ப்பவர்கள் ஆகிய மூன்று தரப்பும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பள்ளிகளையும் வேலை தரும் இடங்களையும் இணைக்கும் அமைப்பு ஒன்றில் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். வட சென்னையின் அரசு, மாநகராட்சிப் பள்ளிகளோடுதான் எங்களுக்குப் பழக்கம் அதிகம். அதனால் பதில்களும் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

இப்படி நடுவில் ஒரு அமைப்பு எதற்கு? பள்ளியே நேராகக் கம்பெனியைக் கூப்பிடக்கூடாதா?

தாராளமாகக் கூப்பிடலாம். சில தலைமை ஆசிரியர்கள் செய்கிறார்கள், நன்றாகவே செய்கிறார்கள். பெரும்பாலான பள்ளிகளில் அது நடக்காததற்குக் காரணம் மனமில்லாமை கிடையாது. வியாசர்பாடியில் இருக்கும் எச்.எம். ஒருவருக்கு ஒரகடம் தொழிற்சாலையில் யாரிடம் பேச வேண்டும் என்று தெரியாது. அங்கே இருக்கும் எச்.ஆர். மேலாளருக்கோ, அரசுப் பள்ளிக்குள் வர முதன்மைக் கல்வி அலுவலரிடம் அனுமதி வாங்க வேண்டும், மாநகராட்சிப் பள்ளி என்றால் மாநகராட்சியின் கல்வித் துறையைப் பார்க்க வேண்டும் என்பது தெரியாது. ஒரு தடவை போன் பண்ணிப் பார்ப்பார், யாரும் எடுக்கவில்லை என்றால் பக்கத்தில் இருக்கும் தனியார் பள்ளிக்குப் போய்விடுவார்.

நடுவில் நிற்பவர்களின் வேலை வெளியே தெரியாத வேலை. அனுமதிக் கடிதம், பெற்றோர் சம்மதப் படிவம், வேன், பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு, முதலுதவிப் பெட்டி, கூடவே வர இரண்டு ஆசிரியர்கள். காலில் மூடிய ஷூ இருக்கிறதா என்று முதல் நாளே பார்ப்பதும் இதில் அடக்கம். செருப்போடு போனால் பல தொழிற்சாலைகளில் கேட்டைத் தாண்ட விடமாட்டார்கள். பேச வருகிற பொறியாளரிடம், "பிரசன்டேஷன் வேண்டாம் சார், நீங்கள் முதல் சம்பளம் வாங்கின கதையைச் சொல்லுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லி வைப்பதும் எங்கள் பாடுதான்.

இவையெல்லாம் முடிந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. அந்தப் பிள்ளை பன்னிரண்டாவது முடித்து எங்கே சேர்ந்தது, சேர்ந்த இடத்தில் நிலைத்ததா என்று இரண்டு வருடமாவது பின்தொடர வேண்டும். இதைச் செய்யாத அமைப்பு, கூட்டம் கூட்டுகிற அமைப்பு மட்டுமே என்பது என் கருத்து.

அரசே நான் முதல்வன் திட்டம் நடத்துகிறதே?

ஆமாம். 2022 மார்ச் 1ஆம் தேதி தொடங்கிய திட்டம் அது. கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சியும் பள்ளி மாணவர்களுக்கு உயர்கல்வி வழிகாட்டுதலும் அதில் உண்டு. பன்னிரண்டாவது முடிப்பவர்களுக்குக் கல்லூரிக் கனவு என்ற நிகழ்ச்சியும், எங்கும் சேராமல் நின்றுவிட்டவர்களைத் தேடிப் பிடிக்க உயர்வுக்குப் படி என்ற முகாமும் அதன் கீழ் வந்தவை. முகாமுக்குப் பிள்ளையை அழைத்துப் போங்கள். வங்கிக் கடன், சாதிச் சான்றிதழ் போன்ற சிக்கல்களுக்கும் அங்கேயே ஆட்கள் இருப்பார்கள்.

ஆனால் மாநிலம் முழுவதற்குமான திட்டம், ஒரு பள்ளிக்கும் ஒரு பட்டறைக்கும் நடுவில் நின்று தேதி குறிக்காது. அந்தக் கடைசி இரண்டு கிலோமீட்டரைத்தான் எங்களைப் போன்றவர்கள் நடக்கிறோம். தொண்டு நிறுவனங்கள், ரோட்டரி சங்கங்கள், தொழில் கூட்டமைப்புகள், கம்பெனிகளின் சொந்த அறக்கட்டளைகள் எனப் பல வகையினர் இதில் இருக்கிறார்கள். அகரம், 2006இல் சென்னையில் தொடங்கிய பூமி போன்றவை படிப்புக்குக் கைகொடுப்பதில் பெயர் பெற்றவை. 2009இல் அரசும் தொழில் துறையும் சேர்ந்து தொடங்கிய ஐ.சி.டி. அகாடமி பெரும்பாலும் கல்லூரிகளோடு வேலை செய்கிறது. பள்ளி வயதில் வேலை உலகத்தைக் காட்டுவதற்கு ஆட்கள் இன்னும் குறைவுதான்.

ஒரு நாள் கம்பெனியைச் சுற்றிப் பார்த்து என்ன ஆகப்போகிறது?

ஒரே ஒரு நாள் என்றால் பெரிதாக ஒன்றும் ஆகாது. இங்கிலாந்தில் பள்ளிகளின் தொழில் வழிகாட்டுதலுக்காக 2014இல் காட்ஸ்பி அறக்கட்டளை எட்டு அளவுகோல்களை வகுத்தது. 11 வயது முதல் ஒவ்வொரு ஆண்டும் ஒரு தடவையாவது வேலை தருபவர் ஒருவரை மாணவர் உருப்படியாகச் சந்திக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. ஒவ்வொரு ஆண்டும் என்பதைக் கவனியுங்கள். எங்கள் பள்ளிகளுக்கு இதை அப்படியே கொண்டுவர முடியாது. ஒன்பதாவதில் ஒன்று, பத்தாவதில் ஒன்று, பதினொன்றாவதில் இரண்டு என்று வைத்தால்கூட வித்தியாசம் தெரியும்.

என்ன வித்தியாசம்? ஒன்பதாம் வகுப்பில் போய் "என்ன ஆகப்போகிறீர்கள்" என்று கேட்டுப் பாருங்கள். டாக்டர், கலெக்டர், போலீஸ், ஐ.டி. நான்கோடு பட்டியல் நின்றுவிடும். காசிமேட்டிலும் ராயபுரத்திலும் துறைமுகத்தைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகளுக்கு, அதே துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர், சுங்க ஆவணங்களைப் பார்க்கும் ஏஜென்ட், கன்டெய்னர் கணக்கு வைப்பவர் எல்லாம் என்ன படித்தார்கள் என்று தெரியாது. ஸ்டான்லி மருத்துவமனைக்குப் பத்து தடவை போயிருப்பார்கள். டயாலிசிஸ் டெக்னீஷியன், அறுவை அரங்க டெக்னீஷியன் என்று படிப்புகள் இருப்பது தெரியாது. கிண்டியில் 1968 முதல் இயங்கும், மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிபெட்டில் பத்தாவது முடித்தாலே பிளாஸ்டிக் அச்சு தயாரிப்பில் மூன்று வருட டிப்ளமோ படிக்கலாம் என்பதை ஆசிரியர்களே பலர் எங்களிடமிருந்துதான் முதலில் கேள்விப்படுகிறார்கள்.

நேரில் பார்த்தால் இன்னொன்றும் நடக்கும். சில பிள்ளைகளுக்கு அந்த வேலை பிடிக்காமல் போகும். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலையா என்று முகம் சுருங்கும். இதையும் லாபமாகத்தான் எழுதி வைக்கிறோம். படிப்பில் சேர்ந்து பீஸ் கட்டிய பிறகு தெரிவதைவிட இப்போதே தெரிவது மேல்.

எந்த மாதத்தில் வைத்துக்கொள்ளலாம்?

ஜூலை, ஆகஸ்டு. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு. அக்டோபர், நவம்பரில் மழை. எந்த நாள் விடுமுறை விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது, வேனுக்குக் கொடுத்த முன்பணம் போகும். டிசம்பரில் அரையாண்டு. ஜனவரிக்குப் பிறகு பத்து, பன்னிரண்டு மாணவர்களை எந்த எச்.எம்.மும் வெளியே விடமாட்டார். அதில் நியாயமும் இருக்கிறது.

கம்பெனிகளின் காலண்டரோ நேர் எதிர். நிதியாண்டு மார்ச்சோடு முடிகிறது. சி.எஸ்.ஆர். பணம், அதாவது சமூகப் பணிக்கு ஒதுக்கிய பணம், மீதமிருக்கும் கம்பெனிகளுக்குப் பிப்ரவரியில்தான் திடீரென்று பள்ளிகளின் ஞாபகம் வரும். பொதுத் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது "ஐந்நூறு மாணவர்களுக்கு ஒரு நிகழ்ச்சி வைக்கலாமா?" என்று போன் வரும். முடியாது என்று சொல்லப் பழகிக்கொண்டோம். உங்கள் கம்பெனிக்கு உண்மையிலேயே ஆர்வம் இருந்தால், ஏப்ரலில் பேசி ஜூலைக்குத் தேதி குறியுங்கள்.

படிக்கிற பிள்ளையை இப்போதே வேலைக்குத் தள்ளுவது போல ஆகாதா? குழந்தைத் தொழிலாளர் சட்டம் இருக்கிறதே?

சட்டம் தெளிவாக இருக்கிறது. 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 வயதுக்குக் கீழே எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கக்கூடாது. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற ஓரிரு விலக்குகள் மட்டும் உண்டு. 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களில் கூடாது. நாங்கள் செய்வது பார்ப்பது, கேட்பது, பேசுவது. பள்ளிப் பிள்ளையை எந்திரத்தில் உட்கார வைத்துப் பொருள் செய்ய வைத்தால் அது வழிகாட்டுதல் இல்லை. அப்படி ஏதாவது நடந்தால் அன்றே எச்.எம்.மிடம் சொல்லுங்கள். 1098 எண்ணுக்கும் அழைக்கலாம்.

இதெல்லாம் மார்க் வராத பிள்ளைகளுக்குத்தானே?

இல்லை. இந்த எண்ணத்தோடுதான் எங்களுக்குத் தினமும் மல்லுக்கட்டு. பள்ளியில் இருபது பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், ஒன்று முதல் இருபது ரேங்கை அனுப்புவார்கள், இல்லையென்றால் கடைசி பெஞ்சை மொத்தமாக அனுப்புவார்கள். நாங்கள் வகுப்பையே முழுதாகக் கேட்கிறோம். நல்ல மார்க் வாங்கி, ஏன் என்று தெரியாமலே கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்ந்து மூன்றாம் வருடம் முழிக்கும் பிள்ளைக்கும் இது தேவைதான்.

பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. போனால் மேல்படிப்பு அவ்வளவுதானா?

அம்மாக்கள் கேட்கும் கேள்வி இது, கொஞ்சம் பயத்தோடு கேட்பது. வழி அடைபடாது. ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். நேரம் கொஞ்சம் கூடும். ஆனால் வழியில் எங்கே நின்றாலும் கையில் ஒரு தொழில் இருக்கும்.

இன்னொன்று, உங்கள் மனதில் இருக்கும் ஐ.டி.ஐ. பழைய ஐ.டி.ஐ. டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் தமிழகத்தின் 71 அரசு ஐ.டி.ஐ.களைத் தொழில்நுட்ப மையங்களாக மாற்றும் திட்டம் 2023இல் திறப்பு விழா கண்டது. ரோபோ வெல்டிங், கம்ப்யூட்டர் இயக்கும் சி.என்.சி. எந்திரம், மின் வாகனம் என்று உள்ளே வந்திருப்பவை வேறு. கிண்டியிலோ அம்பத்தூரிலோ வட சென்னையிலோ உள்ள அரசு ஐ.டி.ஐ.க்கு ஒரு தடவை பிள்ளையோடு போய் ஒர்க்ஷாப்பைக் காட்டச் சொல்லுங்கள். அரசு ஐ.டி.ஐ.யில் படிப்புக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. ஆறாவது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணாக இருந்தால், 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் ஐ.டி.ஐ., டிப்ளமோ, பட்டப்படிப்பு மூன்றுக்கும் பொருந்தும்.

அப்ரண்டிஸ் என்றால் சம்பளமில்லாத வேலைதானே?

1961ஆம் ஆண்டின் பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டப்படி எடுத்தால் சம்பளமில்லாமல் இருக்கவே முடியாது. 2019 திருத்தம் வைத்த குறைந்தபட்ச மாத உதவித்தொகை இது: பத்தாவது முடித்தவருக்கு 6,000 ரூபாய், பன்னிரண்டாவதோ ஐ.டி.ஐ.யோ முடித்தவருக்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. இதற்குக் கீழே யாரும் பேரம் பேச முடியாது. கையெழுத்துப் போடும் நாளில் நடப்பிலிருக்கும் தொகையை அரசு இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டில் 10 சதவீதம் கூடும். 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனம், தன் ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். அதாவது உங்கள் பிள்ளையை எடுப்பது கம்பெனி செய்யும் தயவு இல்லை.

சட்டத்தின் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்ரண்டிஸ் தொழிலாளி ஆகமாட்டார், பயிற்சி பெறுபவர் மட்டுமே. அதனால் பி.எஃப். போன்றவை கிடையாது. பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டும் என்ற பொதுக் கட்டாயமும் கம்பெனிக்கு இல்லை. "முடித்தால் பர்மனென்ட்" என்று யாராவது வாய்வார்த்தையாகச் சொன்னால், ஒப்பந்தத்தில் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். 18 வயது ஆகாதவர் என்றால் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் பெற்றோரோ பாதுகாவலரோதான். எனவே படிக்காமல் போடாதீர்கள். ஒப்பந்தம் அரசு இணையதளத்தில் பதிவாகியிருக்கிறதா என்பதைப் பதிவு எண்ணோடு பார்க்க வேண்டும். பதிவு இல்லையென்றால் அது அப்ரண்டிஸ் பயிற்சியே இல்லை, மலிவான ஆள் பிடிப்பு. டிப்ளமோ, பட்டதாரி அப்ரண்டிஸ்களின் விவகாரங்களைப் பார்க்கும் தென்மண்டலப் பயிற்சி வாரியம் தரமணியில் இருக்கிறது.

பெரம்பூர் ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) போன்ற அரசு இடங்களும் அப்ரண்டிஸ்களை எடுக்கின்றன. அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்கும் நாட்கள் குறைவாகவே இருக்கும். சான்றிதழ்களை முன்பே ஸ்கேன் செய்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அது வாய்க்கிறது.

பயிற்சிக்கு டெபாசிட் கேட்கிறார்கள், கட்டலாமா?

கட்டாதீர்கள். அசல் மதிப்பெண் சான்றிதழைக் கேட்டாலும் கொடுக்காதீர்கள், நகல் போதும்.

எங்கள் பெண்ணை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அனுப்பப் பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. திருவொற்றியூரிலிருந்து கிளம்பினால் போகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஷிப்ட் முடிந்து வீடு வந்து சேரும்போது அடுத்த நாள் ஆகிவிடும். கம்பெனி பஸ் உங்கள் பகுதிக்கு வருகிறதா, எந்த நிறுத்தம், எத்தனை மணிக்கு என்பதுதான் சம்பளத்துக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி. விடுதி என்றால் ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். ஒரு அறையில் எத்தனை பேர், குடிதண்ணீர் எப்படி, இரவில் உடம்பு சரியில்லை என்றால் யார் வருவார்கள், போன் வைத்துக்கொள்ள விடுவார்களா. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் திறந்த தொழிலாளர் குடியிருப்பில் மட்டும் 18,720 படுக்கைகள். வீட்டை விட்டு வந்து தங்கும் பெண்கள் அந்தப் பக்கத்துக்கு எவ்வளவு தேவைப்படுகிறார்கள் என்பதற்கு அந்த எண்ணே போதும். தேவைப்படுகிறவர்களிடம் கேள்வி கேட்க நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

போகவே வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் தவறில்லை. கிண்டி, அம்பத்தூர், மணலி, எண்ணூர் எல்லாம் இருக்கின்றன. 2021இல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்ததிலிருந்து வட சென்னைப் பெண்களுக்குக் கிண்டி கொஞ்சம் கிட்டே வந்திருக்கிறது.

ஆங்கிலம் பேச வராது என்றால்?

முதல் வேலைக்கு அது பெரிய தடை இல்லை. தன்னைப் பற்றி நாலு வாக்கியம், பாதுகாப்புப் பலகைகளைப் படிக்கும் அளவு, ஒரு மெயில் எழுதும் அளவு. இதை ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். சூப்பர்வைசர் ஆகும்போது பிரச்சினை வரும் என்பதும் உண்மை. ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

ஆசிரியர்களுக்கு இது இன்னொரு சுமைதானே? ஏற்கெனவே எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவேற்றமே முடியவில்லை.

சுமைதான், மறுக்கவில்லை. அதனால் ஆசிரியரிடம் நாங்கள் கேட்பது இரண்டே விஷயம்: வகுப்பைப் பற்றி அரை மணி நேரம் எங்களிடம் பேசுங்கள், போகும் நாளில் கூட வாருங்கள். அறிக்கை, போட்டோ, கணக்கு எல்லாம் எங்கள் பக்கம். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோரில் ஒருவரையாவது கூட்டி வந்தால் இன்னும் நல்லது. ஆசிரியர் சொல்லி நம்பாததை, பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு வந்து சொன்னால் தெருவே நம்பும்.

எங்கள் கம்பெனியின் சி.எஸ்.ஆர். பணத்தை இதற்குச் செலவிடலாமா?

செலவிடலாம். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேலான கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. கல்வியும் வேலைத் திறன் பயிற்சியும் அதன் பட்டியலிலேயே இருக்கின்றன. சொந்த ஊழியர்களுக்கு மட்டும் நடத்தும் பயிற்சியை இதில் காட்ட முடியாது. அரசுப் பள்ளிக்குக் கட்டடமோ ஆய்வகமோ தர விரும்பினால் 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி வழியாகப் போங்கள்.

ஆனால் எங்களுக்குப் பணத்தைவிட உங்கள் ஆட்களின் நேரம்தான் கிடைக்கமாட்டேன் என்கிறது. செக் வந்துவிடும். லைன் சூப்பர்வைசரை மாதம் ஒரு மத்தியானம் விடுவிக்கச் சொன்னால், "புரொடக்‌ஷன் கேட்பார்கள்" என்பார்கள். ஸ்மார்ட் போர்டு வாங்கித் தருவதைவிட அந்த மத்தியானம் பெரியது. அனுப்புவதானால் மேனேஜிங் டைரக்டரை அனுப்பாதீர்கள். ஐந்து வருடத்துக்கு முன்னால் அதே மாதிரிப் பள்ளியில் படித்தவரை அனுப்புங்கள். பிள்ளைகள் எம்.டி.யிடம் கை தட்டுவார்கள், அந்தப் பையனிடம்தான் கேள்வி கேட்பார்கள்.

பேனர், போட்டோ எல்லாம் வைத்துக்கொள்ளலாமா?

பேனர் ஒன்று போதும். பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தை வெளியிடப் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் கேட்கிறோம். 18 வயதுக்குட்பட்டவரின் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பதை 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. பெயர், போன் நம்பர் பட்டியலைக் கம்பெனிக்குத் தரமாட்டோம். தந்தால் அடுத்த வாரமே தனியார் கல்லூரிகளிலிருந்து வீட்டுக்கு அழைப்பு வரத் தொடங்கிவிடும்.

ஒரு அமைப்பு நம்பகமானதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

போன வருடம் வந்த பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். எத்தனை ஆயிரம் மாணவர்களைச் சென்றடைந்தோம் என்று ஆரம்பித்தால் கொஞ்சம் உஷாராகுங்கள். நடுவில் விட்டவர்கள் எத்தனை பேர், ஏன் விட்டார்கள் என்பதை மறைக்காமல் சொல்கிறவர்களை நம்பலாம். அப்புறம், ஒரே ஒரு கல்லூரியையோ ஒரே கம்பெனியையோ சுற்றிச் சுற்றிச் சொல்கிறார்களா என்றும் பாருங்கள். அப்படியென்றால் அவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று எங்கிருந்தோ வருகிறது.

அம்பத்தூரில் எட்டுப் பேர் வேலை செய்யும் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். நானெல்லாம் இதில் சேர முடியுமா?

தயவுசெய்து சேருங்கள். பெரிய தொழிற்சாலையில் பிள்ளைகள் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வருவார்கள். உங்கள் பட்டறையில் ஆறு பேர் வந்தால், ஒரு இரும்புத் துண்டு எப்படிப் பாகம் ஆகிறது, அதற்கு என்ன விலை, எவ்வளவு வேஸ்ட், பேமென்ட் எத்தனை நாள் கழித்து வருகிறது என்று ஒரு தொழிலையே முழுசாகக் கேட்டுக்கொண்டு போவார்கள். சொந்தமாகத் தொழில் தொடங்கும் எண்ணம் பலருக்கு இப்படித்தான் வருகிறது. 4 முதல் 29 பேர் வரை உள்ள இடங்களுக்கு அப்ரண்டிஸ் எடுப்பது கட்டாயமில்லை, விருப்பம். எடுத்தால் தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையின் 25 சதவீதம், மாதம் 1,500 ரூபாய் வரை, அரசின் பங்கு. படிவம் நிரப்ப நாங்கள் உதவுகிறோம். எந்திரங்களுக்குப் பாதுகாப்புத் தடுப்பு போட்டிருக்கிறதா, கழிவறை இருக்கிறதா என்று மட்டும் முன்னால் ஒரு தடவை வந்து பார்ப்போம். சனிக்கிழமை மத்தியானம் சரியாக இருக்கும்.